பாண் நனையக்கூடாது: யாழ்ப்பாணத்துச் சாமானில் மூன்று வீதிச் சான்விச்

யாழ்ப்பாணத்தில் பாண் என்பது குழம்பு உறிஞ்சுகிற சாமான். ரோஸ் பாணைப் பிய்த்து இறைச்சிக் குழம்பிலோ சொதியிலோ தோய்த்து, நன்றாக ஊறிய பிறகுதான் வாய்க்குள் வைப்போம். ஆசிய வீதிச் சாப்பாட்டை வைத்துக் கிளம்பியிருக்கிற சான்விச் கடைகள் கேட்பதோ இதற்கு நேரெதிரான பாண். கறி உள்ளே இருக்கவேண்டும், பாண் காய்ந்தபடியே இருக்கவேண்டும், ஒற்றைக் கையில் பிடித்துக் கடிக்கும்போது முழங்கைவரை எதுவும் வழியக்கூடாது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த ஈரத்தோடு பட்ட பாடுதான்.

தொடக்கி வைத்தவன் மச்சான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸ் பிள்ளைகள் பின்னேரம் திரிகிற பக்கமாக ஒரு சின்னக் கடை போடும் யோசனை அவனுக்கு. சப்மெரின் எங்கும் கிடைக்கிறது, ரோல்ஸ், கட்லட் பற்றிச் சொல்லவே தேவையில்லை, வேறு ஏதாவது வேண்டும் என்றான். கொழும்புக்கு ஒரு அலுவலாகப் போனபோது அங்கேயுள்ள இப்படியான கடைகளில் ஏறி இறங்கினோம். உயரமான கதிரைகள், கரும்பலகையில் சோக்கால் எழுதிய விலை, மூங்கில் கூடையில் ஆவி பறக்கிற பாவோ என்ற சீனத்து அவித்த பணிஸ். வாங்கிய ஒவ்வொன்றையும் கடிக்க முன்னர் நான் பிரித்து உள்பக்கத்தைப் பார்த்தேன். "டேய், சனம் பாக்குது, மூடடா" என்று மச்சான் நெளிந்தான். ஆனால் பிரித்துப் பார்த்ததில்தான் விஷயமே இருந்தது: எந்தக் கடையும் கறியை நேரடியாகப் பாணில் வைக்கவில்லை. இடையில் ஏதோ ஒன்று காவல் நிற்கிறது.

சிலவற்றைத் தொடக்கத்திலேயே கழித்துவிட்டோம். ஜப்பான்காரரின் கட்சு சான்டோவுக்குப் பால் சேர்த்த பஞ்சுப் பாண் வேண்டும், பொரித்த இறைச்சியும் அப்போதைக்கப்போது பொரித்ததாக இருக்கவேண்டும். இரண்டு பேர் நிற்கிற கடைக்குச் சரிவராது. பாவோவை இடியப்பத் தட்டிலேயே அவிக்கலாம், அழகாகவும் வருகிறது, ஆனால் சூடு ஆறினால் தோல் இறுகிவிடும். கொரியாவின் வீதி டோஸ்டில், கோவாவைச் சீவிப் போட்டுப் பொரித்த முட்டைக்கு மேல் சீனி தூவுவார்கள். எனக்குப் பிடித்தது. மச்சான் "முட்டைக்கு மேல சீனியோ?" என்று கேட்ட தொனியில் அது பட்டியலை விட்டுப் போனது. மிஞ்சியவை மூன்று: வியட்நாமின் பான் மீ, சிங்கப்பூர்-மலேசியாப் பக்கத்து ரொட்டி ஜோன், மும்பையின் வடா பாவ். மூன்றும் ஈரத்தைச் சமாளிக்கிற விதம் வேறு வேறு.

பான் மீயில்தான் பெரிய வேலை. பிரெஞ்சுக்காரர் கொண்டுபோன நீட்டுப் பாணில் பிறந்தது அது. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து பெருந்தொகையான சனம் தெற்கே போனது. அப்படிப் போன ஒரு தம்பதி 1958இல் சைகோனில் தொடங்கிய ஹோவா மா என்ற கடையைத்தான் இன்றைய வடிவத்துக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். தட்டில் பாணும் இறைச்சியும் தனித்தனியாக வைத்துச் சாப்பிட நேரமில்லாத சனத்துக்கு, எல்லாவற்றையும் பாணுக்குள்ளேயே வைத்துக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பாணின் ஓடு மெல்லியது, கடித்தால் நொறுங்கும். உள்ளே கிட்டத்தட்டக் காற்றுத்தான்.

இங்கே கிடைக்கிற பாணோடுதான் தொடங்கினேன். அச்சுப்பாண் சரிவரவே இல்லை. அச்சாறு பட்டதும் கரைகிறது. ரோஸ் பாணின் மேலோடு நல்லது, ஆனால் உட்பக்கம் அடர்த்தி, கடிக்கும்போது இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே வைத்ததெல்லாம் மறுபக்கத்தால் பிதுங்கி வெளியே வருகிறது. ஆகவே வீட்டில் சுட்டுப் பார்த்தேன்.

கடைசியாக நிலைத்த அளவு இது: கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 310 மில்லிலீற்றர், உப்பு 9 கிராம், சீனி 10 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அதோடு 100 மில்லிகிராம் விற்றமின் சீ மாத்திரையில் கால்வாசியைப் பொடியாக்கி. தோடம்பழச் சுவை போட்ட சப்புகிற மாத்திரை வேண்டாம், வெறும் மாத்திரை. மாவின் பசைத்தன்மையை இறுக்கி, கூடுதலாகப் பொங்கினாலும் உடையாமல் பிடித்து வைக்கிற வேலை அதனுடையது. பேக்கரிகள் போடுகிற 'இம்ப்ரூவர்' பைகளிலும் பெரும்பாலும் இந்தச் சரக்கு இருக்கும்.

தண்ணீர் பிரிட்ஜில் வைத்த தண்ணீராக இருக்கட்டும். எங்கள் வெயிலில் குழைத்து முடிக்க முன்னரே மா பொங்கத் தொடங்கிவிடும். வெளிநாட்டுச் செய்முறையில் "ஒன்றரை மணித்தியாலம்" என்று போட்டிருந்தால் இங்கே முக்கால் மணித்தியாலத்தில் எட்டிப் பாருங்கள். மாவில் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் மெல்ல விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு வரவேண்டும். அதுவரை குழைக்க வேண்டும், கை நோகும், வேறு வழியில்லை. பிறகு 120 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, கால் மணித்தியாலம் ஆறவிட்டு, தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையும் ஒடுங்கினபடி உருட்டி வைத்தால் ஏழு வரும். இரண்டாவது பொங்கலில் அவசரம் கூடாது. மூன்று மடங்காகப் பருத்து, தொட்டால் நடுங்குகிற நிலை வரவேண்டும்.

அரிசி மா சேர்ப்பதுதான் மொறுமொறுப்பின் இரகசியம் என்று பல செய்முறைகளில் இருக்கும். 50 கிராம் கோதுமை மாவுக்குப் பதிலாக வறுக்காத அரிசி மா போட்டுப் பார்த்தேன். ஓடு கொஞ்சம் கரகரப்பானது உண்மை. ஆனால் பாண் குள்ளமாகி, உள்ளே இறுகியும் போனது. என் அபிப்பிராயத்தில் மொறுமொறுப்பு வருவது நீராவியால். அவணை 230 பாகை செல்சியஸில் அரை மணித்தியாலம் நன்றாகச் சூடாக்கி, அடித்தட்டில் ஒரு பழைய தட்டை வைத்து, பாணை உள்ளே தள்ளும்போது அந்தத் தட்டில் கொதிதண்ணீர் ஊற்றிக் கதவைச் சாத்துங்கள். முதற் பத்து நிமிடம் ஆவி இருந்தால் மேல்தோல் உடனே காயாது, பாண் தடையில்லாமல் விரியும், தோல் மெலியும். பிறகு தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு இன்னும் பன்னிரண்டு நிமிடமளவில் வேகவிட்டால் அந்த மெல்லிய தோல் காய்ந்து ஓடாகும். மேலே பிளேட்டால் கீறும்போது நேராக வெட்டாமல் சரித்துக் கீறினால், ஒரு பக்கம் செவுள் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

வீட்டுக்கு இது போதும். கடைக்கு? காஸ் விற்கிற விலையில் வீட்டு அவணில் ஏழு ஏழாகச் சுட்டுக்கொண்டிருக்க முடியாது. கோண்டாவில் பக்கம் விறகுப் போறணை வைத்திருக்கிற ஒரு பேக்கரிக்குப் போனோம். நான் சுட்டதைக் காட்டி, "அண்ணை, இந்த அளவில, இப்பிடி மெல்லிசு ஓட்டோட உருட்டித் தருவீங்களோ?" என்று கேட்டேன். அவர் பாணை வாங்கி ஒருதரம் அமுக்கிப் பார்த்தார், பிறகு மணந்து பார்த்தார்.

"உது எங்கட ரோஸ் பாண் மாவிலயே வரும் தம்பி. தண்ணி கொஞ்சம் கூட்டோணும், பொங்க விடுறதிலதான் விசயம். பின்னேரப் பாண் இறக்கினாப் பிறகு போறணை தணிஞ்சிருக்கும், அதுக்குள்ள தள்ளித் தாறன். நாளைக்கு வந்து பாரும்."

மறுநாள் வந்ததைப் பார்த்தபோது என் கொதிதண்ணீர் வித்தையெல்லாம் அவருக்குத் தேவையே இல்லை என்று விளங்கியது. செங்கல் போறணையின் வாயை மூடினால், உள்ளே தள்ளிய மாவிலிருந்து கிளம்புகிற ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றும். ஓடு என்னுடையதைவிட மெல்லிசு, அடியில் சாம்பலும் விறகு வாசமும். போறணையால் இறக்கி ஆறும்போது அந்த ஓடு படபடவென்று மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்கும். அது கேட்டால் பாண் சரி.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. எங்கள் காற்றில் இருக்கிற ஈரம் அந்த ஓட்டை இரண்டொரு மணித்தியாலத்தில் தோல் மாதிரி ஆக்கிவிடும். விற்கிற நேரத்தில் மூன்று நான்கு நிமிடம் திரும்பச் சூடாக்கினால் ஓடு மீளும். ஆனால் ஒருமுறைதான்; இரண்டாம் முறை சூடாக்கினால் கல்லு.

இனி உள்ளே. பாணை ஒரு பக்கம் ஒட்டியிருக்கப் பிளந்து, உள்ளேயிருக்கிற வெள்ளையில் கொஞ்சத்தைப் பிடுங்கி எடுத்துவிடுகிறேன். வியட்நாமிலும் இப்படிச் செய்கிற கடைகள் உண்டு. பிடுங்கியதைக் காயவைத்து இடித்தால் கட்லட்டுக்கு ரஸ்க் தூள் ஆயிற்று. பிறகு காவல்காரன்: கொழுப்பு. அவர்கள் முட்டை மஞ்சட்கருவை எண்ணெயோடு அடித்த மயோனைஸும் ஈரல் விழுதும் பூசுவார்கள். கொழுப்பு பூசிய இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்காது, அவ்வளவுதான் தத்துவம். வீட்டில் உடனே சாப்பிடுவதென்றால் மஞ்சட்கரு அடிக்கலாம். கடையில் பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். பின்னேரம் ஐந்து மணிக்கும் முப்பது பாகை நிற்கிற ஊர் இது. போத்தல் மயோனைஸ் பாதுகாப்பு. கோழி ஈரலை வெங்காயம், மிளகு, கறுவாவோடு வதக்கி, பட்டர் சேர்த்து அரைத்தால் நல்ல விழுது வரும். அதையும் குளிரில்தான் வைக்கவேண்டும்.

அச்சாறு இல்லாமல் இந்தச் சான்விச் இல்லை. கரட் கால் கிலோ, வெள்ளை முள்ளங்கி கால் கிலோ, நெருப்புக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிப்பாக வெட்டி, ஒரு தேக்கரண்டி உப்பும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்டுக் கையால் பிசையுங்கள். முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்து வளைத்தால் இரண்டு முனையும் முட்டவேண்டும், முறியக்கூடாது. அந்த நிலை வந்ததும் கழுவி, துணியில் போட்டு ஒட்டப் பிழிந்து, போத்தலில் அடைத்து, அரைக் கோப்பை வினாகிரி, அரைக் கோப்பை வெந்நீர், மூன்று மேசைக்கரண்டி சீனி கலந்து ஊற்றினால் ஒரு மணித்தியாலத்தில் சாப்பிடலாம். குளிரில் இரண்டு வாரம் நிற்கும். போத்தலைத் திறக்கும்போது முள்ளங்கி ஒரு மணம் மணக்கும். வீட்டில் முணுமுணுப்பு வரும், காற்றுப் பட்டால் போய்விடும். மணமே வேண்டாமென்றால் முள்ளங்கிக்குப் பதிலாகப் பச்சைப் பப்பாக்காய் போடலாம். அது இன்னும் மொறுமொறுப்பு, நான் இப்போது அதற்கே மாறிவிட்டேன்.

கறிக்குக் கணவாய். பன்றி இறைச்சியை எல்லோரும் சாப்பிடமாட்டார்கள், கோழியை எல்லோரும் விற்கிறார்கள். பாசையூரில் காலையில் வாங்கிய கணவாய்க்கு இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. ஆனால் கணவாய்க்கறி சான்விச்சுக்குப் பரம எதிரி: அடுப்பில் ஏறியதும் தன் தண்ணீரையெல்லாம் விட்டு அதற்குள்ளேயே அவிந்துகொண்டு கிடக்கும். அந்தத் தண்ணீரை வற்ற வைக்கிறோம் என்று நின்றால், வற்றும் நேரத்துக்குள் கணவாய் ரப்பர் ஆகிவிடும். ஆகவே இரண்டையும் பிரித்தேன். வளையமாக வெட்டி, துடைத்து, புகை கிளம்புகிற தாச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒன்றரை நிமிடத்தில் வடிதட்டுக்கு இறக்கிவிடுகிறேன். கீழே கிண்ணத்தில் சேர்கிற இளஞ்சிவப்புத் தண்ணீரைக் கொட்டக்கூடாது, ருசியெல்லாம் அதில்தான். அதே தாச்சியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் தாளித்து, வறுத்த தூள் இரண்டு மேசைக்கரண்டி, அந்தக் கணவாய்த் தண்ணீர், அரைக் கோப்பை கட்டித் தேங்காய்ப்பால். எண்ணெய் பிரிந்து, அகப்பையால் கோடிழுத்தால் கோடு மூடாமல் நிற்கும்வரை வற்றவிட்டு, அடுப்பை நிறுத்திய பிறகு கணவாயைப் போட்டுப் பிரட்டி, தேசிக்காய் பிழிந்து இறக்குங்கள். தூள் கணவாயைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே ஒரு சொட்டுக்கூடத் தேங்காது.

மீன் சோஸ் விடயத்தில் ஒரு சுருக்கு வழி. கடையில் இறக்குமதிப் போத்தல் கிடைக்கும், விலை கூட. மீன் சோஸ் என்பதே நெத்தலியும் உப்பும் மாதக்கணக்கில் கிடந்து வடிந்த சாறுதான். நெத்தலிக் கருவாடு ஒரு பிடியை ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைவாசியாக வற்றக் காய்ச்சி, துணியில் வடித்து, கொஞ்சம் சோயா சோஸும் சீனியும் கலந்தால் அச்சொட்டாக அதுவாகாது, ஆனால் பாணில் தெளிக்கிற அளவுக்குப் போதும். சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு காய்ச்சுங்கள்.

அடுக்கும் ஒழுங்கு: மயோனைஸ், ஈரல் விழுது, கணவாய், நீட்டாக வெட்டிய கெக்கரிக்காய், பிழிந்த அச்சாறு, கொத்தமல்லி இலை, சரித்து வெட்டிய பச்சைமிளகாய். அச்சாறைக் கையால் பிழியாமல் வைத்தால் இவ்வளவு பாடும் வீண்.

முதல் ருசி பார்த்தவர் மாமி. பாதி சாப்பிட்டு, "நல்லாத்தான் கிடக்கு, எண்டாலும் ஒரு சொட்டுக் குழம்பு வைச்சால் என்ன?" என்று, மிச்சப் பாதியை மத்தியானத்து மீன்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். கடைக்கு வரப்போகிறவர்களில் ஒரு பகுதியினர் மாமி மாதிரித்தான் இருப்பார்கள். அதனால் சின்னக் கிண்ணத்தில் சொதி தனியாக, கேட்டவர்களுக்கு மட்டும் என்று மச்சானின் கொப்பியில் எழுதிக்கொண்டோம். சைகோன்காரர் கோபிப்பார்களோ தெரியாது. அங்கேயும் குழம்பில் பாண் தோய்த்துச் சாப்பிடுகிற வழக்கம் இருக்கிறது.

ரொட்டி ஜோனுக்கு இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. அங்கே காவல் நிற்பது முட்டை. அரைத்த இறைச்சியும் வெங்காயமும் கலந்த முட்டையைத் தகட்டில் ஊற்றி, பிளந்த பாணை அதன்மேல் கவிழ்த்து அமத்துவார்கள். முட்டை வேகும்போதே பாணோடு ஒட்டிவிடும், உள்ளே ஈரம் போக வழியில்லை. மலேசியாவில் நோன்புக் காலத்துப் பின்னேரச் சந்தைகளில் இதற்கு நல்ல ஓட்டம். சாடின் போட்டும் செய்வதுண்டு என்பதால், நான் கூசாமல் ரின்மீனுக்குப் போனேன். ரின்மீனை வடித்து, முள்ளெடுத்து உதிர்த்து, பம்பாய் வெங்காயம், லீக்ஸ், பச்சைமிளகாய், மிளகுதூள், ஒரு பாணுக்கு இரண்டு முட்டை. இதற்கு ரோஸ் பாணே திறம், அந்த அடர்த்தி இங்கே கைகொடுக்கிறது. தகட்டுச் சூடு நடுத்தரமாக இருக்கட்டும். கூடினால் அடி கருகி மேல் முட்டை வடியும். மேலே சில்லி சோஸும் மயோனைஸும். மூன்றிலும் இதுதான் விற்கும் என்று மச்சான் அடித்துச் சொல்கிறான். கொத்து ரொட்டித் தகடு ஒன்று பழையதாகக் கிடைத்தால் ஒரே நேரத்தில் நான்கு போடலாம்.

வடா பாவில் காவல் என்பது தூள். 1966 அளவில் தாதர் ரயில் நிலையத்தடியில் அசோக் வைத்யா என்பவர் விற்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆலைத் தொழிலாளர் ஓடுகிற ஓட்டத்தில் சாப்பிட்ட சாப்பாடு. கடலை மாவில் தோய்த்துப் பொரித்த கிழங்குருண்டை, பணிஸ், உள்ளியும் கொப்பரையும் மிளகாயும் சேர்ந்த காய்ந்த சட்னி. அந்தத் தூள் பணிஸின் உள்ளே ஒட்டிக்கொண்டு, வடையின் எண்ணெயைத் தான் குடித்துவிடுகிறது. தேங்காய்ப்பூவை ஈரம் போக வெறுஞ்சட்டியில் வறுத்து, செத்தல் மிளகாய், உள்ளி, உப்பு, கொஞ்சம் புளி சேர்த்து உரலில் இடித்தேன். காய்ந்த இடிசம்பல் மாதிரி வந்தது. சிக்கல் பணிஸில். எங்கள் தேத்தண்ணிப் பணிஸ் இனிப்பு. கோண்டாவில் அண்ணையே சீனி குறைத்து, ஒன்றோடொன்று ஒட்டியபடி தட்டில் சுட்டுத் தந்தார். மீன் பணிஸ்காரர் கறியை மாவுக்குள்ளேயே பொதிந்து போறணைக்குள் விட்டு இந்த ஈரச் சண்டையை எப்போதோ முடித்துவிட்டார்கள் என்பதையும் இந்த இடத்தில் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கட்டிக் கொடுப்பது பற்றி ஒன்று. சொப்பிங் பையில் சூடாகப் போட்டு முடிந்தால் பத்து நிமிடத்தில் ஓடு வியர்த்துத் தளர்கிறது. எண்ணெய் ஊறாத தாளில் இறுக்கிச் சுற்றி, ஒரு முனையைத் திறந்து வைத்துக் காகிதப் பையில் நிறுத்திக் கொடுத்தபோது, சைக்கிளில் கொக்குவில் வரை போயும் மொறுமொறுப்பு மிச்சமிருந்தது. கணவாய் விலை ஏறுகிற நாட்களுக்கு இறால் வைக்கலாமா, அல்லது வெள்ளிக்கிழமையில் மரக்கறிக்காரருக்காகப் பலாக்காயை இதே மாதிரி வற்றப் பிரட்டலாமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். பலாக்காய் தூளை நன்றாகப் பிடிக்கிறது, தண்ணீரும் விடுவதில்லை. ஈரல் விழுதின் இடத்தில் என்ன பூசுவது என்பதுதான் முடியவில்லை. கச்சான் அரைத்துப் பார்க்க வேண்டும்.